காளவாய்த் தெருவுக்குப் பத்து நிமிடம்

செங்கரடு ஜங்ஷன் என்கிற ஊர் முதன்முதலாக நின்றது ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு. நின்றது என்றால் கடையடைப்போ வேலைநிறுத்தமோ இல்லை. டீ ஆற்றியவரின் டீ இரண்டு கிளாஸுக்கு நடுவே அந்தரத்தில் நின்றது, பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டத் தொடங்கியவள் திட்டின் முதல் பாதியோடு நின்றாள், கோழியைத் துரத்திய நாய் நின்றது, நியாயமாகக் கோழியும் நின்றது, நான்கு நிமிடம் கழித்து எல்லாமே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன, ஆகவே ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது ஸ்டேஷன் ரோட்டு வீட்டிலிருந்த ஞானசிகாமணிக்கும் அவர் மனைவி ரெபேக்காளுக்கும் மட்டும்தான்.

ஞானசிகாமணி முப்பத்துமூன்று வருடம் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் சீட்டாடுவார்கள், சர்ச் கமிட்டியில் சண்டை போடுவார்கள். இவர் ஹாலில் பதினாலடி மேஜை போட்டு, எண்பத்தேழில் ஒரு பங்காக ஊரைச் சுருக்கி, ஸ்டேஷன், சர்ச், பள்ளிவாசல், தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று ஒன்று விடாமல் செய்து, ஊரைச் சுற்றித் தண்டவாளம் போட்டு ஒரு பொம்மை இன்ஜினை ஓடவிட்டார். தன் வீட்டை மட்டும் செய்யவில்லை, அது வரவேண்டிய இடத்தில் கரண்ட் பெட்டியை வைக்கவேண்டியிருந்தது. பழைய பெட்டி இருந்தவரை அது வெறும் விளையாட்டுதான். கைப்பிடியைத் திருப்பினால் தண்டவாளத்தில் கரண்ட் வரும், விட்டால் போகும். பிறகு டிஜிட்டல் பெட்டி வாங்கினார். டிஜிட்டலில் அப்படியில்லை, இன்ஜின் ஓடினாலும் நின்றாலும் மேஜை முழுக்க எல்லாத் தண்டவாளத்திலும் எந்நேரமும் கரண்ட் இருக்கும். அந்தப் பெட்டியை இணைத்த நாளிலிருந்து மேஜைக்கு உயிர் இருந்தால் ஊருக்கும் உயிர் என்று ஆகிவிட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்று செங்கரட்டில் யாரும் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வருகிறது என்றா கேட்கிறோம்?

அந்தப் புதன்கிழமை, காளவாய்த் தெருவுக்குத் தண்டவாளம் பிரிகிற பாயின்ட்டில் இன்ஜின் தடம் புரண்டது. சக்கரம் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆயிற்று, பெட்டி கரண்டை வெட்டியது, ஊர் நின்றது. மேஜையில் இல்லாத வீட்டுக்குள் இருந்ததால் இவர்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. "என்னங்க, தெருவுல சத்தமே காணோம்" என்று ரெபேக்காள் ஜன்னல் வழியே பார்த்துச் சொன்னபோது, சைக்கிளில் போன தபால்காரர் சாயாமல் சரியாமல் சைக்கிள் மேலேயே நின்றுகொண்டிருந்தார். ஞானசிகாமணி இன்ஜினைத் தூக்கிவைத்தார், தபால்காரர் பெடலை மிதித்துப் போனார்.

ஊர் இதைத் தெரிந்துகொண்டது வெளியூர் பஸ் கண்டக்டர்களால். செங்கரட்டுக் கடிகாரங்கள் ஒரு வாரத்தில் முக்கால் மணி நேரம் பின்தங்கிவிட்டதாக அவர்கள் கேலி செய்தார்கள், ஊர்க்காரர்கள் முதலில் கோபித்துக்கொண்டார்கள், பிறகு விசாரித்தார்கள், விசாரித்து ஸ்டேஷன் ரோட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரமில்லை, எல்லாரும் புகாரோடுதான் வந்தார்கள். "அப்ப அந்த ரயிலை ஓட்டாமத்தான் இருங்களேன்" என்றார்கள். அதையும் செய்து பார்த்தார். கரண்டை அப்படியே விட்டு இன்ஜினை மட்டும் நிறுத்தியபோது மனிதர்கள் நடமாடினார்கள், ஆனால் பால் பொங்கவில்லை, உலை கொதிக்கவில்லை, பஞ்சாயத்து யூனியன் ஆஸ்பத்திரியில் வலியெடுத்த ஐந்து பெண்களுக்கு வலி அப்படியே இருந்ததே தவிரப் பிள்ளை வரவில்லை. ஆகவே ஓட்டித்தான் ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. ஞானசிகாமணியும் ரெபேக்காளும் முறைபோட்டுக்கொண்டு மேஜையைப் பார்த்துக்கொண்டார்கள், ஊரும் நின்று நின்று போகப் பழகிக்கொண்டது, கடிகாரக் கடைக்காரர் மட்டும் செழித்தார்.

பழகாமல் போனது ஒரு கல்யாணத்தில். ஏழரைக்கு முகூர்த்தம் முடிகிறது, ஏழு இருபத்தெட்டுக்கு மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், அப்படியே நின்றார், வெளியூர்க் கணக்குப்படி ஏழு முப்பத்தாறுக்குக் கட்டினார். பெண்ணின் அப்பா மண்டபத்திலிருந்து நேராகப் பேரூராட்சித் தலைவி சௌந்தரவல்லி வீட்டுக்குப் போனார். சௌந்தரவல்லி காரியக்காரி, எந்தப் பிரச்சினைக்கும் முதலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் பேசுவார். ஞானசிகாமணி வீட்டுக்கு வந்தபோதும் அப்படித்தான்.

"சார், கரண்ட் போனா எங்க வார்டுல மட்டும்தான் போகுது, ஊர் மொத்தமுமா போகுது? அதே மாதிரி உங்க மேஜையையும் பிரிக்க முடியாதா?"

"பிரிக்கலாம்மா. தண்டவாளத்த அங்கங்க அறுத்து, நடுவுல பிளாஸ்டிக் வெச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஒயர் குடுத்துட்டா, ஒவ்வொண்ணும் ஒரு பிளாக். ஒரு பிளாக்குல ஷார்ட் ஆனா அது மட்டும் நிக்கும்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் சௌந்தரவல்லி.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் செங்கரட்டில் பிளாக் பேச்சுதான். எந்தத் தெரு எந்தத் தெருவோடு சேருவது என்று கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். கடைவீதி பள்ளிவாசலோடு போகச் சம்மதித்தது, வங்கி இருக்கிற பிளாக்கில் எல்லாருக்குமே இருக்க ஆசை, சம்பந்திகள் இரண்டு பேர் ஒரே பிளாக்கில் இருக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒன்றுபட்டது ஒரே விஷயத்தில்: இன்ஜின் அடிக்கடி விழுகிற அந்தப் பாயின்ட் தங்கள் பிளாக்கில் வரக்கூடாது. அது காளவாய்த் தெருவுக்கே போகட்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. காளவாய்த் தெருவில் சுண்ணாம்பு சுடுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள் இருந்தார்கள். கூட்டம் காலை பதினோரு மணிக்கு, அந்த நேரத்தில் அவர்கள் எல்லாரும் வேலையில் இருந்தார்கள்.

அந்தத் தெருவின் முதல் வீட்டில்தான் ஞானசிகாமணியின் ஒரே மகள் எப்சிபா இருந்தாள். அங்கன்வாடி டீச்சர். புருஷன் துபாய்க்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான், அவள் அம்மா வீட்டுக்கு வராமல் வேலை செய்கிற தெருவிலேயே வீடு எடுத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, எங்க தெரு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"தீர்மானம் போட்டுட்டாங்களேம்மா. உன் வீட்ட சர்ச் பிளாக்குல கொண்டாந்துர்றேன், கவலப்படாத. கோடுகூடப் போட்டுட்டேன்."

"என் வீட்ட மட்டுமா? பக்கத்து வீட்டு மல்லிகா, முப்பது பிள்ளைங்க, எல்லாம் அந்தப் பக்கமா? எனக்கு வேண்டாம்ப்பா அது."

அவள் வேண்டாம் என்றாலும் அவர் செய்வதாகத்தான் இருந்தார். அவள் வீட்டைத் தாண்டிப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஆனால் மெல்லிய வாளைக் கையில் எடுத்துத் தண்டவாளத்தின் மேல் வைத்ததும், முப்பத்துமூன்று வருடப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையைப் பார்த்துவிட்டது. நிஜ ரயிலில் பாயின்ட்டுக்கு ஒட்டி வெட்டமாட்டார்கள். நிற்கிற வண்டியின் வால் அடுத்த தடத்தில் இடிக்காமலிருக்க நான்கு மீட்டர் தள்ளித்தான் வெட்டு வரும். அந்த நான்கு மீட்டர் மேஜையில் நாலரை சென்டிமீட்டர், அந்த நாலரை சென்டிமீட்டரில் எப்சிபாவின் வாசல் இருந்தது, அதுவும் தெருவோடு போயிற்று. அறுத்து, பிளாஸ்டிக் வைத்து, பசை காய்ந்த பிறகுதான் பென்சில் கோட்டைப் பார்த்தார். மறுபடி ஒட்டி வெட்டவேண்டுமென்றால் ஊர் மொத்தத்தையும் அரை மணி நேரம் நிறுத்தவேண்டும். திருவிழா முடியட்டும் என்றார் சௌந்தரவல்லி. எப்சிபா சிரித்தாள். "நல்லதாப் போச்சு போங்க" என்றாள்.

பிளாக் பிரித்தது அருமையாக வேலை செய்தது. ஊர் அதன்பின் ஒருநாளும் நிற்கவில்லை, காளவாய்த் தெரு மட்டும் நின்றது. இங்கேதான் ஞானசிகாமணி செய்த பாவம் இருக்கிறது, அதை அவரே பிற்பாடு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார், ஆகவே நாமும் மறைக்கவேண்டியதில்லை. ஊர் மொத்தமும் நின்ற காலத்தில் சோற்றுக் கையோடு ஓடிப்போய் இன்ஜினைத் தூக்கியவர், இப்போது சாப்பிட்டுவிட்டுத் தூக்கினார். பிறகு சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுத் தூக்கினார். யாரும் புகார் சொல்ல வரவில்லை, நிற்கிறவர்களுக்குத் தாங்கள் நிற்பது தெரியாது. இப்படியே காளவாய்த் தெரு ஊரைவிட ஒரு நாள் பின்தங்கியது, பிறகு நான்கு நாள், பிறகு ஒரு வாரம்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. தெருக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குச் செவ்வாயாக இருந்தது, அவர்கள் வெள்ளையுடுத்தி வந்து பூட்டிய சர்ச் முன்னால் நின்றார்கள், வேலைக்கு வராத நாளென்று சூளை முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டார், ரேஷன் கடைக்காரர் "உங்க மாசம் போன மாசமே முடிஞ்சுபோச்சு" என்று திருப்பி அனுப்பினார். ஒரு புதன்கிழமை மத்தியானம் எப்சிபா கறிக்குழம்புத் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இன்னிக்கு?" என்றாள் ரெபேக்காள்.

"ஞாயித்துக்கிழமதான? நீங்க கோயிலுக்குப் போகலியா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் காலண்டரைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். பரிமாறிவிட்டு, தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். ஞானசிகாமணி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். அன்றைக்கே பாயின்ட்டைச் சரிபண்ண உட்கார்ந்தார், பத்து நாளில் சரியும் பண்ணிவிட்டார், இன்ஜின் விழாமல் போயிற்று. ஆனால் வேலை நடந்தபோதெல்லாம் தெருவின் கரண்டை வெட்டவேண்டியிருந்ததால், அதற்குள் தெரு பத்தொன்பது நாள் பின்தங்கியிருந்தது.

டிஜிட்டல் கரண்டுக்கு ஒரு தாளம் உண்டு. நொடிக்குப் பல ஆயிரம் தடவை அது திசை மாறும். இந்த பிளாக்கும் அந்த பிளாக்கும் ஒரே தாளத்தில் மாறினால்தான் சக்கரம் வெட்டைத் தாண்டலாம், தாளம் தப்பினால் தாண்டுகிற சக்கரமே ஷார்ட். பதினைந்து பதினாறு நாள் வித்தியாசம்வரை பெட்டி எப்படியோ பொறுத்துக்கொண்டது. வித்தியாசம் பத்தொன்பது ஆனபோது, ஒரு வெள்ளிக்கிழமை, காளவாய்த் தெருவிலிருந்து ஒரு காக்கை பறந்து வந்து எல்லைக் கல்லில் உட்கார்ந்தது, அந்த நொடியில் ஊரும் தெருவும் ஒன்றாக நின்றன. நல்லவேளையாகக் காக்கை கல்லின் தெருப் பக்க விளிம்பிலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வந்திருந்தால், தாளம் தப்பிய காக்கை உள்ளே இருக்கும்வரை ஊரை எழுப்பியிருக்கவே முடியாது, அதை எடுத்துப் போட எழுந்திருக்க ஆளும் இருந்திருக்காது. இரண்டையும் ஓடவிட்டால் எது எல்லையைத் தாண்டினாலும் மறுபடி ஷார்ட்தான், ஆகவே ஞானசிகாமணி வேறு வழியில்லாமல் தெருவின் கரண்டை வெட்டிவிட்டு ஊரை எழுப்பினார். அன்றிலிருந்து இரண்டில் ஒன்றுக்குத்தான் உயிர்.

மறுநாளே பேரூராட்சிக்குப் போனார்.

"தலைவி, ஒரே வழிதான் இருக்கு. ஊர் பத்தொன்பது நாள் நிக்கணும். தெரு மட்டும் ஓடட்டும், வந்து சேந்துரும். ரெண்டும் ஒரே தாளத்துக்கு வந்ததும் பழையபடி எல்லாம் ஒண்ணா ஓடலாம். உங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது, கண்ண மூடித் தொறந்தாப்பல இருக்கும்."

"எங்களுக்குத் தெரியாது சார், வெளியூர்க்காரனுக்குத் தெரியுமே" என்றார் சௌந்தரவல்லி. "பத்தாங்கிளாஸ் பரீட்சை வருது. பாங்க் இருக்கு. பத்தொம்பது நாள் நாங்க நின்னா உலகம் எங்களுக்காக நிக்குமா?"

"அவங்களுக்கும் அதேதானே தாயி."

"அதான் கமிட்டி போடறோம்னு சொல்றேன்ல."

கமிட்டி கூடியபோது பத்தொன்பது நாள் அறுபதாகியிருந்தது, அறிக்கை வந்தபோது நானூறாகியிருந்தது. நானூறு நாளெல்லாம் யார் நிற்பார்கள்? ரெபேக்காள் முதல் நாளிலிருந்தே சொன்னாள், "யாரைக் கேக்கறீங்க? சுவிட்சு உங்க கைலதானே இருக்கு? பத்தொம்பது நாள் அமுக்கிட்டு உக்காருங்க, எவன் வந்து கேக்கப்போறான்?" உண்மைதான், நிற்கிறவன் எப்படி வந்து கேட்பான். ஆனால் ஞானசிகாமணி தன் சர்வீஸில் ஒரு தடவைகூட ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவில்லாமல் ஒரு சிக்னல் பெட்டியைத் திறந்தவரில்லை. உத்தரவுக்குக் காத்திருந்தார். பிள்ளையைவிட உத்தரவு பெரிதாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார், அழவும் செய்வார், ஆனாலும் காத்திருந்தார்.

ஊர் கடைசியில் மனமிரங்கியது. வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரையிலிருந்து இரண்டு நாற்பதுவரை, எப்படியும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், ஊர் நின்றுகொள்ளும், தெரு ஓடிக்கொள்ளலாம். பெட்டியில் பூட்டுப் போட்ட டைமர் ஒன்றைப் பொருத்திச் சாவியைத் தலைவி வைத்துக்கொண்டார். இந்தப் பெரிய மனசுக்காக அவருக்குப் பாராட்டு விழா நடந்தது, கல்வெட்டும் வைத்தார்கள். வாராவாரம் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கும்போது செங்கரட்டு மக்களுக்குத் தர்மம் செய்த திருப்தி இருந்தது. காக்கை வந்த வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முன்பே வெளியூர்ச் சந்தைக்குப் போய் வெளியே மாட்டிக்கொண்ட காளவாய்த் தெரு ஆண்கள் சிலர் கொஞ்ச நாள் எல்லையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

தெருக்காரர்களுக்கோ தாங்கள் நிற்பதே தெரியாது. அவர்களுக்கு நின்றுபோனது ஊர்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண் இமைத்தாற்போல ஊர் மாறியது, மழை மாறி வெயில், வெயில் மாறிக் கொடி தோரணம், ஆனால் எப்போதும் அசையாமல். எல்லையில் சிலேட்டில் எழுதிவைத்து ஞானசிகாமணி விஷயத்தைத் தெரிவித்தார், தாண்டவேண்டாம் என்றும் எழுதினார். எப்சிபா புரிந்துகொண்டாள், முப்பது பிள்ளைகளையும் எல்லைக்கு வராமல் பிடித்து வைத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் ரெபேக்காள் எல்லைக்கு இந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள், மகள் கண்ணில் படட்டும் என்று. எப்சிபாவுக்குக் கிடைத்தது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் கூடுதல் கிழவியான அம்மா, ஒரு நாளில் நரைத்து, மறுநாளில் கூன் விழுந்த அம்மா.

ஐந்து வருடம் இப்படிப் போயிற்று, தெருவில் அது இரண்டு நாளைக்கும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் முடிந்ததும் சிலேட்டில் எப்சிபாவின் எழுத்து இருந்தது: "அம்மாவை வெயிலில் நிற்கவைக்காதீர்கள். பார்க்க முடியவில்லை." ரெபேக்காள் அதை இரண்டு தடவை படித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூக்குக்கண்ணாடி, பிரஷர் மாத்திரை, இரண்டு புடவை எடுத்து ஒரு கட்டைப்பையில் வைத்தாள்.

"நான் உள்ள போறேங்க. நம்ம வீட்டுக்கு எந்தத் தாளமும் கிடையாது, நான் போனா ஷார்ட் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"நானும் வர்றேன் ரெபேக்கா."

"நீங்க வந்தா மேஜையை யாரு பாக்கறது? இந்த ஊர் ஆளுங்களா? நீங்க இல்லேன்னா அந்தப் பத்து நிமிஷத்தையும் அடுத்த கூட்டத்துலயே எடுத்துருவாங்க."

பையை அவரே தூக்கிக்கொண்டு எல்லைவரை போனார். "வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள், பையை வாங்கிக்கொண்டாள், எல்லைக் கல்லைத் தாண்டினாள். இரண்டாவது அடியில் நின்றாள், கொஞ்சம் முன்னால் நீட்டிய கையோடு. எப்சிபா எட்டடி தூரத்தில், திரும்பிப் பார்க்கப்போகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஞானசிகாமணி இருவரையும் வெயில் ஏறும்வரை பார்த்தார், பிறகு இரண்டரைக்குள் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று வேகமாக நடந்தார்.

இரண்டரைக்கு டைமர் ஊரை வெட்டித் தெருவை எழுப்பியது. அவர் தெருவுக்கென்று தனியாக வாங்கியிருந்த சின்ன இன்ஜினை மேஜையில் முன்னும் பின்னுமாக ஓட்டினார். பஸ் இல்லை, ஒலிபெருக்கி இல்லை, காக்கை இல்லை, ஊர் மொத்தமும் அடங்கிக் கிடந்ததால் ஊரின் மறுகோடியில் காளவாய்த் தெருவில் பேசுவது ஜன்னலில் கேட்டது.

"ஏம்மா வந்த? உனக்கென்ன பைத்தியமா?" அது எப்சிபாவின் குரல். அப்புறம் அழுகை, இரண்டு பேருடையதும். மூக்கைச் சிந்துகிற சத்தம். பிள்ளைகள் "டீச்சரம்மா, இது யாரு" என்று கேட்டார்கள். பிறகு எப்சிபா, "அப்பா எங்கம்மா?" என்றாள்.

ரெபேக்காள் பையைத் தரையில் வைக்கிற சத்தம். "இந்தா, பின்னாடியே வர்றாரு" என்றாள்.

"அப்ப அப்பா வந்ததும் சேந்து சாப்பிடலாம். உலை வெச்சுட்டேன்."

அவர் கை பெட்டியின் கைப்பிடியில் இருந்தது. அந்த உலை கொதிக்க இரண்டு வாரம் ஆகும், சோறு வெந்து வடிக்க இன்னும் மூன்று, அதற்குப் பிறகும் அவர்கள் தெருக் கணக்கில் ஒரு மூன்று நாள் பொறுத்திருந்தால் போதும், அதற்குள் அவர் ஆயுள் இங்கே முடிந்துவிடும், மேஜையும் ஓயும். இரண்டு நாற்பதுக்கு டைமர் விழுந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, எதிர்வீட்டில் யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைத்தார்கள். ஞானசிகாமணி சின்ன இன்ஜினை ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை ஊரின் இன்ஜினை ஓட்ட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.